மரடிஹள்ளியிலிருந்து தங்கவயலுக்கு

சென்னையிலிருந்து கிளம்பும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பெங்களூரைத் தாண்டித் தும்கூர், சிரா, ஹிரியூர் வழியாகச் சித்ரதுர்கா போகிறது. மும்பைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலை. ஹிரியூரைக் கடந்து ஐமங்கலா வந்ததும் பக்கத்தில் பிரிந்தால் மரடிஹள்ளி என்ற சிற்றூர். மானாவாரி நிலம், வேலிகாத்தான் புதர், தூரத்துக் குன்றுகளின் மேல் வரிசையாகக் காற்றாலைகள். நம் ஊர்க் கரிசல் காட்டில் நிற்பது போலத்தான் இருக்கும். ஊரை ஒட்டியிருக்கும் சிறிய குன்றின் சரிவில் ஏறிக் கீழே பார்த்தால், காலடியில் கிடப்பது சுமார் 260 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலின் தரையில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இந்த இடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. என்னை இங்கே கூட்டிவந்தவர் கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர். தோள்பையில் கை லென்ஸ், காம்பஸ், தண்ணீர் பாட்டில். சுத்தியல் இல்லை. கேட்டேன். “இங்க சுத்தியல் கொண்டு வரவே கூடாது சார். வந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு துண்டு எடுத்திருந்தா நமக்கு இன்னிக்கு என்ன மிஞ்சியிருக்கும்?” என்றார்.

பாறை முகம் முழுக்க உருண்டை உருண்டையாகப் புடைத்திருக்கிறது. சில ஒரு முழம், சில ஓர் ஆள் படுக்கும் நீளம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போட்ட தலையணைகள் மாதிரி இருப்பதால் உலகம் முழுக்க இதற்குத் தலையணை லாவா என்றே பெயர். கடலடியில் வெடிப்பு வழியே பிதுங்கும் குழம்பு, குளிர்ந்த நீரைத் தொட்டதும் வெளித்தோல் கண்ணாடியாக இறுகிவிடுகிறது. உள்ளே இன்னும் சூடு, இன்னும் அழுத்தம். தோல் பிளந்து அடுத்த உருண்டை பிதுங்குகிறது. ஹவாய்க் கடற்கரையில் லாவா கடலுக்குள் இறங்கும் இடத்தில் முக்குளிப்பவர்கள் இதை நேரிலேயே படம் பிடித்திருக்கிறார்கள். தரையில் ஓடும் லாவா இப்படி உறையாது. ஆகவே அரபிக் கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டர் உள்ளே, மழைக்கு ஏங்கும் இந்த மேட்டில், ஒரு காலத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பேராசிரியர் ஒரு தலையணையின் விளிம்பில் லென்ஸை வைத்துக் காட்டினார். வெளி ஓரத்தில் விரல் அகலத்துக்கு நிறம் கறுத்து, மணிகள் கண்ணுக்கே தெரியாத அளவு நெருங்கியிருக்கின்றன. அதுதான் பழைய கண்ணாடித் தோல். உள்ளே போகப் போக நிறம் வெளிறி, மணிகள் பருக்கின்றன. மெதுவாக ஆறிய பகுதி அது. ஒவ்வொரு தலையணையின் மேற்பக்கமும் வளைந்து உப்பியிருக்க, அடிப்பக்கம் கூராகி, கீழே உள்ள இரண்டின் இடுக்கில் வால் போல இறங்குகிறது. அந்த வாலைப் பார்த்தே, மடிந்து செங்குத்தாக நிமிர்ந்துவிட்ட அடுக்குகளிலும் எது அன்றைய மேல், எது அன்றைய கீழ் என்று நிலவியலார் சொல்லிவிடுகிறார்கள். மலைகள் எழுந்து தேய்ந்து போன காலம் முழுவதும் இந்த வால் அழியாமல் இருந்திருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

கல்லின் நிறம் மங்கிய பச்சை. வழிந்தபோது கறுப்பு பசால்ட்டாகத்தான் இருந்தது. பிறகு பூமிக்குள் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, குளோரைட், ஆக்டினோலைட், எபிடோட் ஆகிய பச்சைக் கனிமங்கள் உள்ளே வளர்ந்துவிட்டன. இப்படிப்பட்ட பழைய எரிமலைப் பாறைகள் நீண்ட பட்டைகளாகக் கிடப்பதைப் பச்சைக்கல் பட்டை என்கிறார்கள். கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என உலகின் பழைய கண்டத் துண்டுகள் எல்லாவற்றிலும் உண்டு. கர்நாடகத்தில் இருப்பவற்றுக்குத் தார்வார்ப் பாறைகள் என்று 1880களில் பெயர் வைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அதே மனிதர். தொல்லியல் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். அவருடைய சம்பளத் தொழில் நிலவியல் என்பது பலருக்குத் தெரியாது.

வெந்து மாறிய கல்லிடம் பழைய கதையை எப்படிக் கேட்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பாறை வேதியியல் வளர்ந்தது. கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் ஏற்றினால் பல தனிமங்களின் அளவு கிடைத்துவிடும். ஆனால் எல்லாத் தனிமத்தின் பேச்சையும் நம்ப முடியாது. சோடியம், பொட்டாசியம், ருபீடியம் போன்றவை சூடான நீர் பட்டால் கரைந்து இடம் மாறிவிடுபவை. இன்று இருக்கும் அளவு அன்றைய அளவு ஆகாது. டைட்டானியம், சிர்கோனியம், இட்ரியம், நியோபியம், அருமண் தனிமங்கள் போன்றவை லேசில் அசையாதவை. 1973இல் பியர்ஸ், கான் என்ற இருவர், இந்த அசையாத தனிமங்களை வைத்தே ஒரு பசால்ட் எந்தச் சூழலில் பிறந்தது என்று பிரித்துக் காட்டலாம் என எழுதினார்கள். அதன் பிறகு பச்சைக்கல் பட்டைகளைப் படிக்கும் முறையே மாறிப்போனது.

இதில் நியோபியத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டின் அடியில் செருகி இறங்கும்போது, கடல்நீரையும் தன் கனிமங்களுக்குள் கட்டி எடுத்துக்கொண்டு போகிறது. ஆழத்துச் சூட்டில் அந்த நீர் பிரிந்து மேலே உள்ள மேன்டிலுக்குள், அதாவது பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள அடுக்குக்குள், கசிகிறது. நீர் சேர்ந்த மேன்டில் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். நீரோடு பேரியமும் ஈயமும் பொட்டாசியமும் சுலபமாக ஏறிவிடுகின்றன. நியோபியமும் டான்டலமும் மட்டும் ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமத்துக்குள் மாட்டிக்கொண்டு ஆழத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே தட்டுகள் இப்படிச் செருகும் ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் எழும் எரிமலைப் பாறைகளை ஆராய்ந்தால், பக்கத்துத் தனிமங்களைவிட நியோபியம் மட்டும் பள்ளமாக இறங்கியிருக்கும். ஹவாய் போல மேன்டிலின் ஆழத்திலிருந்து நேராக ஏறி வரும் குழம்பில் அந்தப் பள்ளம் இருப்பதில்லை. பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே இருக்கும் ஒரு தனிமத்தின் குறைவை வைத்து, 260 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே தட்டுகள் செருகினவா என்று கேட்க முடிகிறது. மனித அறிவு எட்டிய உயரங்களில் இதுவும் ஒன்று என்றே சொல்வேன்.

எச்சரிக்கையும் வேண்டும். மேலேறும் குழம்பு, வழியில் பழைய கண்டத்தின் மேலோட்டைக் கொஞ்சம் கரைத்து விழுங்கினாலும் அதே நியோபியப் பள்ளம் வரும். சித்ரதுர்காவின் பசால்ட்டுகள் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் வழக்கு நடப்பது இதனால்தான். தட்டுச் செருகலில் எழுந்த தீவு எரிமலைகள் என்பவர்கள் உண்டு. மேன்டிலின் ஆழத்திலிருந்து எழுந்த சூட்டுத் தூண் பரப்பிய கடலடிப் பீடபூமி என்பவர்களும் உண்டு.

மரடிஹள்ளியிலிருந்து சித்ரதுர்காவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கோட்டையைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு மேற்கே திரும்பினோம். கோட்டை நிற்பது பச்சைக்கல்லைத் துளைத்துக்கொண்டு பின்னால் வந்த கிரானைட்டின் மேல். ஏழு சுற்று மதிலுக்கும் கல் அங்கேயே கிடைத்திருக்கிறது.

ஹொலல்கெரே வட்டத்தில் கட்டிஹொசஹள்ளி இருக்கிறது. கல்லுக்காக இல்லாவிட்டால் வெளியூர்க்காரர் யாரும் இங்கே வர வாய்ப்பில்லை. இங்குள்ளவை மரடிஹள்ளியைவிடவும் பழையவை: சுமார் 335 கோடி ஆண்டு என்று சமாரியம்-நியோடிமியம் முறையில் கணித்திருக்கிறார்கள். சமாரியம் 147 என்ற ஐசோடோப் நியோடிமியம் 143 ஆக மாறுகிறது. அதில் பாதி மாற 10,600 கோடி ஆண்டு ஆகும். பூமியின் வயதைப் போல இருபது மடங்குக்கு மேல் மெதுவாக நகரும் கடிகாரம் அது. அதை வைத்துத்தான் இவ்வளவு பழைய பாறைகளுக்கு வயது சொல்ல முடிகிறது.

இந்தப் பாறைக்குக் கொமாட்டியைட் என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் கொமாட்டி ஆற்றங்கரையில் இதை முதன்முதலாக அடையாளம் கண்டு 1969இல் உலகுக்குச் சொன்னவர்கள் வில்ஜோன் சகோதரர்கள். சாதாரண பசால்ட்டில் மக்னீசியம் ஆக்சைடு ஏழெட்டு சதவீதம் இருக்கும். கொமாட்டியைட்டில் 18 சதவீதத்துக்கு மேல். அவ்வளவு மக்னீசியம் உருகி வர வேண்டுமானால் மேன்டிலின் பெரும்பங்கு உருக வேண்டும். அதற்கு 1,600 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். இன்றைய ஹவாய் லாவா 1,200 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். இன்று பூமியில் எந்த எரிமலையும் கொமாட்டியைட் கக்குவதில்லை. கொலம்பியாவின் கோர்கோனா தீவில் சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் வழிந்ததே கடைசி என்கிறார்கள். பூமி இளமையில் எவ்வளவு கொதித்தது என்பதை இந்த ஒரு பாறை சொல்லிவிடுகிறது.

வயலோரப் பாறை ஒன்றில் பேராசிரியர் பாட்டில் தண்ணீரை ஊற்றினார். வறண்டிருந்தபோது வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்த முகத்தில், நனைந்ததும் கீற்றுக் கீற்றாகக் கோடுகள் எழுந்தன. ஒரு புள்ளியிலிருந்து விரிந்தும், ஒன்றையொன்று வெட்டியும், நீண்டு மெலிந்த இழைகள். கடும் சூட்டில் வழிந்த குழம்பு வேகமாக ஆறும்போது ஆலிவின் படிகங்கள் பருக்க நேரமில்லாமல் இப்படி இழைகளாக நீண்டு வளர்கின்றன. ஆஸ்திரேலியப் பாலையில் வளரும் ஒரு முட்புல்லின் பெயரால் இதை ஸ்பினிஃபெக்ஸ் என்கிறார்கள். ஆலிவின் எப்போதோ செர்பன்டைனாக மாறிவிட்டது. வடிவம் மட்டும் அப்படியே நிற்கிறது. கொஞ்சம் தள்ளி, குரோமியம் கலந்த மைக்காவால் பச்சையாக மின்னும் குவார்ட்சைட், அதோடு பேரைட் படுகை. இரண்டும் அக்காலக் கடலோடு சேர்ந்தவை. வெயில் சாயும் நேரம் பாறை மேல் நடந்தபோது அந்தப் பச்சை மினுக்கம் காலோடு கூடவே வந்தது.

சித்ரதுர்காவில் தங்கிவிட்டு மறுபடி கிழக்கே. தும்கூரைத் தாண்டும்போது சிவகங்கை மலை தெரிகிறது. ராமநகரத்தின் பழைய பெயரான குளோஸ்பேட்டையைப் பெயராகக் கொண்ட, தெற்கு வடக்காக 400 கிலோமீட்டர் நீளும் கிரானைட் தொடரின் ஒரு பகுதி. ‘ஷோலே’ படத்தில் கப்பர் சிங் உட்கார்ந்திருந்த பாறைகளும் இதே தொடர்தான். 251 கோடி ஆண்டு வாக்கில் ஏறிவந்த இந்தக் கிரானைட்டின் அக்கம்பக்கத்தில்தான் தார்வார்க் கண்டத் துண்டு மேற்கு, கிழக்கு என இரண்டாகப் பிரிகிறது. மேற்குப் பாதி பழையது, கிழக்குப் பாதி ஒப்பீட்டில் இளையது. பெங்களூர் லால்பாக் பூங்காவில் கெம்பெகவுடா கோபுரம் நிற்கும், சூட்டிலும் அழுத்தத்திலும் வரி வரியாக மாறிய நைஸ் பாறைக்கு 300 கோடி ஆண்டு என்று பலகை வைத்திருக்கிறார்கள். மாலையில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் பாறை அது.

பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் போகும் ரயிலில் ஏறினால் பெட்டி முழுக்கத் தமிழ். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப் பேரப்பிள்ளைகள். தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். கோலார் தங்கச் சுரங்க நகரமான இந்த ஊர் அவர்கள் வாயில் எப்போதும் தங்கவயல். அயோத்திதாசர் நடத்திய ‘தமிழன்’ இதழைப் பின்னாளில் ஜி. அப்பாதுரையார் வெளியிட்டது இந்த ஊரிலிருந்துதான். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கியது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை சுமார் 800 டன் தங்கம் இங்கிருந்து போயிருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இந்தக் கணக்கெல்லாம் பலர் எழுதியாயிற்று. தங்கம் எப்படி இங்கே வந்தது என்பதைத்தான் தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் பார்த்ததில்லை.

கோலார்ப் பச்சைக்கல் பட்டை தெற்கு வடக்காக 80 கிலோமீட்டர் நீளம். அகலமோ பெரும்பாலும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். தெற்கு முனை தமிழ்நாட்டு எல்லைக்குள் கிருஷ்ணகிரிப் பக்கம் நீள்கிறது. 1989இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த ஒல்லியான பட்டை பற்றி ஒரு கட்டுரை வந்தது. குரோக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், முகோபாத்யாய், ராஜாமணி, ஹான்சன் ஆகிய ஐவர் எழுதியது. பட்டைக்கு மேற்கே உள்ள நைஸ் பாறைகள் 263 கோடியிலிருந்து 255 கோடி ஆண்டுகளுக்குள் உருவானவை. ஆனால் 320 கோடி ஆண்டுக்கும் மூத்த மேலோடு ஒன்று உருகிக் கலந்ததன் தடயம் அவற்றில் இருக்கிறது. கிழக்கே உள்ளவை 253 கோடி ஆண்டு வயதுடையவை; அவற்றில் பழைய மேலோட்டின் தடயமே இல்லை, மேன்டிலிலிருந்து புதிதாக வந்த சரக்கு. பட்டைக்குள்ளேயும் இதே கதை. மேற்குப் பக்கத்து எரிமலைப் பாறையில் லேசான அருமண் தனிமங்கள் குறைவு, கிழக்குப் பக்கத்தில் அதிகம். ஒரே மேன்டிலிலிருந்து இரண்டும் வந்திருக்க முடியாது. இன்று நடந்தே கடக்கக்கூடிய தூரத்தில் நிற்கும் இந்த இரு பக்கங்களும் ஒரு காலத்தில் வேறு வேறு நிலங்கள். 253 கோடிக்கும் 242 கோடிக்கும் இடைப்பட்ட காலத்தில் அவை மோதி ஒட்டிக்கொண்டன. மோதிய தையல்தான் தங்கவயல்.

அப்படியானால் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே புவித்தட்டுகள் இன்றுபோல நகர்ந்திருக்கின்றன என்று ஆகிறது. அக்காலத்தில் இது துணிச்சலான வாதம். எல்லோரும் ஏற்றுவிடவில்லை. கிழக்குத் தார்வாரின் உருவாக்கத்தை ஒரு சூட்டுத் தூணின் வேலையாக நிலவியலார் ஜெயானந்தாவும் அவரோடு ஆய்ந்தவர்களும் விளக்கினார்கள். தட்டு அசைவு எப்போது தொடங்கியது என்ற பெரிய கேள்வி உலக நிலவியலில் இன்னும் திறந்தே கிடக்கிறது. என் மனம் கோலார்த் தையல் வாதத்தின் பக்கமே சாய்கிறது. சூட்டுத் தூண் கீழிருந்து எவ்வளவு உருக்கினாலும், பட்டையின் இரு பக்கத்துக்கும் இரண்டு பூர்வீகம் ஏன் என்பதற்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

தங்கத்தின் கதையும் அந்தத் தையலில் இருக்கிறது. பசால்ட்டில் தங்கம் நூறு கோடியில் சில பங்குதான். மோதலில் பாறைகள் நசுங்கி வெந்தபோது பிரிந்த சூடான நீர், கந்தகத்தோடு சேர்த்துத் தங்கத்தையும் கரைத்துக்கொண்டு, வெடிப்புகள் வழியே மேலேறி, குவார்ட்ஸ் நரம்புகளில் விட்டுவிட்டுப் போனது. அந்த நரம்பைத் துரத்தித்தான் நம் ஆட்கள் மூன்று கிலோமீட்டர் இறங்கினார்கள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்து, எத்தனையோ பேரைக் காவு கொண்டது.

ஆட்டோ ஓட்டிவந்த அண்ணன், “எங்க தாத்தா சாம்பியன்ல வேலை பாத்தாரு சார். பாறை வெடிச்சா மேல வீட்ல இருக்குற பாத்திரம் எல்லாம் ஆடும். அம்மா உடனே வாசலுக்கு ஓடி வந்து நிப்பாங்க” என்றார். சயனைடு மேட்டின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். தங்கம் பிரித்தபின் கொட்டிய சாம்பல் வண்ண மணல்மலை. காற்றடித்தால் தூசு வீடுகளுக்குள் போகிறது.

இதே சாம்பியன் ரீஃபில் 1965இல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோக்கள் என்ற, எதையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்கள் பதிவாயின. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் சேர்ந்து செய்த வேலை. மேலிருந்து வரும் மற்ற துகள்களைத் தலைக்கு மேல் உள்ள பாறை எவ்வளவு தடுக்கும் என்று கணக்கிட, அந்தப் பாறையின் அடர்த்தியும் வேதியியலும் தெரிந்தாக வேண்டும். இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பச்சைக்கல் சாதாரணப் பாறையைவிடக் கனம். கன சென்டிமீட்டருக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். இயற்பியல் கட்டுரைகளில் அதற்குக் ‘கோலார்ப் பாறை’ என்றே தனிப் பெயர் நிலைத்துவிட்டது. பழைய கடலில் வழிந்த லாவாவின் எடை, பிரபஞ்சத் துகள்களை எண்ணுவதற்கும் உதவியிருக்கிறது.

தங்கவயல் அருகே பெத்தபள்ளியிலும் ஒரு தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் உண்டு. எரிமலை வெடித்துச் சிதறிய கல் துண்டுகள், நுண்ணிய சாம்பலோடு இறுகிப் பாறையாகி நிற்கும் இடம். வழி கேட்டால் ஊரில் பலருக்குத் தெரியவில்லை. சுற்றிலும் கருங்கல் உடைத்து எடுக்கும் நாடு இது. பலகை ஒன்றைத் தவிர அந்தப் பாறைக்குப் பாதுகாப்பு என்று பெரிதாக எதுவும் என் கண்ணில் படவில்லை. கோயிலுக்கும் கோட்டைக்கும் நூறாண்டுக்கும் மேலாகச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நிலவியல் மரபிடங்களுக்கான சட்ட வரைவு வெளிவந்ததே 2022 டிசம்பரில்தான். அது வலுவான சட்டமாகி, மீறினால் தண்டனை நிச்சயம் என்ற நிலை வர வேண்டும். தங்கவயல் பள்ளிகளிலும் கிருஷ்ணகிரிப் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பாறை முன் நிறுத்திக் கதை சொல்ல வேண்டும். பெங்களூர் போகிறவர்கள் ஒரு நாள் கூட்டிப் போட்டு மரடிஹள்ளிக்கோ பெத்தபள்ளிக்கோ போய் வாருங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்; கல்லில் ஊற்றிப் பார்க்க உதவும். சுத்தியல் வேண்டாம்.